மணப்பாடு முதல் உவரி வரை: கடற்கரை ஊர்களில் ஒரு சனிக்கிழமை

ஆறு ஊர்களைப் பார்ப்பதாகத் திட்டம். பார்த்தது மூன்று. அந்த மூன்றில் நின்று பேசி, சாப்பிட்டு, ஒரு பெரியவரிடம் கண்டிப்பும் வாங்கிவிட்டு வந்ததால், மீதி ஊர்கள் விட்டுப்போனதில் எனக்குக் குறையே இல்லை.

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டிப் போகும் சாலையில் மணப்பாடு, பெரியதாழை, கூடுதாழை, கூட்டப்பனை, உவரி, இடிந்தகரை என்று ஊர்கள் வரும். கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வழியாகப் போய்விடுவதால் இந்த ஊர்ப் பெயர்கள் பலருக்குத் திசைகாட்டிப் பலகையோடு சரி. நாங்கள் நான்கு பேர். நான், என்னோடு கல்லூரியில் படித்த இருவர், அவர்களில் ஒருவனுடைய மனைவி. அவரை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினிக்கு உடன்குடி பக்கம் பிறந்த வீடு. அந்த இருவரில் மற்றவன் சென்னையிலிருந்து கேமராவோடு வந்திருந்தான்.

நாளைக் குறித்தது மதினிதான். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை என்றோம். "ஞாயித்துக்கிழமை அங்க யாரும் கடலுக்குப் போக மாட்டாங்க. எல்லாரும் கோயில்ல இருப்பாங்க. வள்ளம் பூரா கரையில கெடக்கும். நீங்க எதப் பாக்கப் போறிய?" என்று கேட்டார். இந்தக் கரையில் பரதவர் ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். ஞாயிறு கடலுக்கு ஓய்வு. அதனால் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். மழையும் இல்லை, மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றும் தொடங்கவில்லை, பனையில் பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும். இந்தப் பக்கம் வருவதற்கு அதுதான் நல்ல காலம் என்பது இப்போது என் கருத்தும்கூட. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான்; சிறு படகுகளான வள்ளங்கள் அப்போதும் போகும். ஆனால் வெயில் தாங்காது.

பாளையங்கோட்டையில் காலை நாலரைக்குக் கிளம்பினோம். திருச்செந்தூர் 55 கிலோமீட்டர் சுமார். அங்கே ஒரு காபி, அப்புறம் மதினி கண்டிப்பாகச் சொன்னபடி கழிப்பறை. "இதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் நல்ல எடம் கெடைக்கும்னு நெனைக்காதிய" என்றார். அது சரியாகத்தான் இருந்தது. பெண்களோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். நான் அதுவரை யோசித்ததே இல்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

குலசேகரன்பட்டினத்தை இருட்டிலேயே தாண்டினோம். தசராவுக்கு வேடம் கட்டி வரும் லட்சக்கணக்கான கூட்டத்தில் மட்டுமே நான் பார்த்திருந்த ஊர், அன்று ஒரு நாய்கூட இல்லாமல் கிடந்தது. 2024 பிப்ரவரி 28 அன்று இங்கே இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைத்துக்கொண்டு போக வேண்டும், எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேராகத் தெற்கே போகலாம். சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

மணப்பாட்டில் இறங்கியபோது வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. ஊரின் ஓரத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மணற்குன்று. அதன் மேல் திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம். 1540இல் புயலில் சிக்கிப் பிழைத்த போர்ச்சுகீசிய மாலுமி ஒருவர், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இந்தக் குன்றில் நட்டதாகச் சொல்கிறார்கள். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். ஆலயம் 1581இல் கட்டியது. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு ஊரே நிறைந்துவிடும் என்றார்கள்.

எனக்கு ஆலயத்தைவிட மனதில் நிற்பது குன்றின் அடியில் இருக்கும் குகை. சவேரியார் தங்கியிருந்த இடம் என்று சொல்லப்படுவது. குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே ஒரு கிணறு. வெளியே அலை பாறையில் அறைகிறது, இங்கே கிணற்றில் நல்ல தண்ணீர். நான் ஒரு கை அள்ளிக் குடித்தேன், உப்பே இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான கடல்நீருக்கு மேலே மிதப்பதுபோல் நிற்பதுதான் காரணம். அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர். ஆழ்துளை போட்டு உறிஞ்சினால் அடியிலிருக்கும் கடல் மேலே ஏறிவிடும். கடலோரக் கிணறுகள் உப்பாகிப் போன கதையை உடன்குடிப் பக்கம் மதினி வீட்டில் கேட்டிருக்கிறேன். குகைக்குள் நின்றபோதுதான் அது புரிந்தது.

குன்றிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் அலை நுரைத்துக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் கடல் குளம் மாதிரி. அந்தக் குளம் மாதிரியான பக்கத்தில்தான் வள்ளங்கள் வரிசையாக நின்றன. இரவு போனவை ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஓடி இறங்கினோம்.

எங்கள் முதல் தவறு அங்கேதான். மணலில் நீல நிறத்தில் ஒரு வலை விரிந்து கிடந்தது. வெயில் அதன் மேல் சாய்வாக விழ, படத்துக்கு அழகாக இருந்திருக்கும். சென்னை நண்பன் ஷூ காலோடு அதன் நடுவில் போய் நின்று கேமராவை உயர்த்தினான். ஓரத்தில் உட்கார்ந்து கிழிசலை முடிந்துகொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். சத்தம் போடவில்லை.

"தம்பி, அது வலை."

அவ்வளவுதான் சொன்னார். நண்பன் பதறி விலகினான். ஷூவைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மன்னிச்சிருங்கய்யா, தெரியாம நின்னுட்டேன்" என்றான். அவர் சிறிது நேரம் ஊசியை ஓட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "செருப்போட எங்க வீட்டு அடுப்பாங்கரைக்குள்ள வருவியளா? இதுவும் அப்படித்தான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் அன்றைய நாளையே மாற்றிவிட்டது. அதுவரை நாங்கள் கடற்கரைக்கு வந்திருந்தோம். அது அவருடைய வேலைத்தளம், முற்றம், அடுப்பாங்கரை. அதன் பிறகு நாங்கள் கரையில் இறங்கும்போதெல்லாம் செருப்பைக் கழற்றினோம். வலையையும் கயிற்றையும் தாண்டாமல் சுற்றிப் போனோம். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு முதலில் பேசினோம். பேசிய பிறகு படம் எடுக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேண்டாம் என்றார்கள். எடுக்கவில்லை.

பெரியவரிடம் ஒரு மணி நேரம் இருந்திருப்போம். கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர், இப்போது மகன் பைபர் வள்ளத்தில் போகிறான், இவர் வலை பார்க்கிறார். ஓங்கல் (டால்பின்) கூட்டம் வந்தால் வலையை எப்படிக் கிழிக்கும் என்று ஒரு பெரிய ஓட்டையைக் காட்டினார். கண்ணிக்குக் கண்ணி அளவு மாறும், மீனுக்கு மீன் வலை மாறும். சின்ன மீனான சாளைக்குப் போடுவதைப் பெரிய மீனான சீலாவுக்குப் போட முடியாது. ராக்கெட் தளத்தைப் பற்றி நாங்கள் கேட்டோம். "விடுற அன்னைக்குக் கடலுக்குப் போகக் கூடாதும்பாங்க. மாசத்துல எத்தன நாளுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காங்க" என்றார். நாட்டின் விண்வெளித் திட்டம் ஒரு வீட்டில் எத்தனை நாள் கூலியாக மாறுகிறது என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

வள்ளம் கரையேறியதும் ஏலம். மீனை மணலில் கொட்டியவுடன் ஏலம் விடுகிறவர் வேகவேகமாகக் கேட்கத் தொடங்க, சுற்றி நிற்கிறவர்கள் தலையசைப்பிலேயே ஏற்றுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வெளியூர்க்காரர்கள் அந்த வட்டத்துக்குள் நிற்கக் கூடாது. இடிபடுவோம் என்பது ஒன்று. நாம் விளையாட்டாகக் கையைத் தூக்கினால் அங்கே ஒருவருடைய பிழைப்பில் கைவைப்பதாக ஆகும் என்பது இன்னொன்று. ஏலம் எடுத்துக் கூடையில் வைத்து விற்கும் அக்காமாரிடம் வாங்குவதுதான் முறை. விலை சந்தையைவிடக் கொஞ்சம்தான் குறைவாக இருந்தது. ஆனால் அந்த மீனின் கண்! கண்ணாடி மாதிரி தெளிவு. செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பு. விளமீன் ஒன்றும் கொஞ்சம் சாளையும் வாங்கினோம். தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் அந்த மீன் மத்தியானத்துக்குள் கெட்டிருக்கும். ஐஸை உடைத்து, அடியில் ஒரு அடுக்கு, நடுவில் மீன், மேலே ஒரு அடுக்கு என்று அந்த அக்காவே வைத்துக் கொடுத்தார். உருகும் தண்ணீர் வடிய பெட்டியின் அடியில் ஒரு துளை போடச் சொன்னதும் அவர்தான்.

ஊருக்குள் நடந்தபோது பழைய பெரிய வீடுகள் கண்ணில் பட்டன. கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் வியாபாரம் செய்த காலத்தில் எழும்பிய வீடுகள். பல பூட்டிக் கிடந்தன. பனை ஓலையில் பெட்டி, கூடை முடைகிற பெண்களின் கூட்டுறவுச் சங்கம் இங்கே இருக்கிறது. மதினி இரண்டு அஞ்சறைப் பெட்டி வாங்கினார். ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கிறவர்கள் இங்கே பணத்தைச் செலவழிக்கலாம். அது நேராக முடைந்த கைக்குப் போகிறது.

மணப்பாட்டிலிருந்து கிளம்பும்போது மணி பத்தரை. சாலையோரம் பனையடியில் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கினால்தான் பதநீர், இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். வெயில் ஏற ஏறச் சுவை மாறும் என்பதால் பதினொரு மணிக்கு முன்னால் குடித்துவிடுவது நல்லது. உடன்குடிக் கருப்பட்டி வாங்குவதற்கும் மதினி ஒரு வழி சொன்னார்: உடைத்துப் பார், உள்ளே சீனி மாதிரி மினுமினுத்தால் வேண்டாம்.

பெரியதாழைக்கு முன்னால், கடல் தெரிகிறதே என்று ஒரு மண்பாதையில் வண்டியைத் திருப்பினோம். நூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், முன்சக்கரங்கள் மணலில் இறங்கிவிட்டன. நண்பன் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. வெயில், நிழல் இல்லை. பனங்காட்டிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். "மிதிக்காதிய அண்ணாச்சி, மிதிச்சா குழி தோண்டும்" என்று முதலில் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கையால் மணலைத் தள்ளினார்கள். காய்ந்த பனை மட்டைகளை சக்கரத்துக்கு அடியில் செருகினார்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார்கள், டயர் பரந்து மணலைப் பிடிக்கும் என்று. அப்புறம் ரிவர்ஸ் கியரில், மெதுவாக, வந்த தடத்திலேயே. வண்டி ஏறிவிட்டது. பணம் கொடுக்கப் போனோம், வாங்கவில்லை. எங்களிடமிருந்த ஆரஞ்சுப் பழங்களை வாங்கிக்கொண்டார்கள்.

இது ஒரு மணி நேரத்தைத் தின்றது. தார்ச்சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் முழுக்க மணல்தான். கொஞ்சம் உள்ளே போனால் தேரிக்காடு, இரும்புத் துரு படிந்து செக்கச்செவேல் என்று இருக்கும் மணல், கச்சான் அடிக்கும் மாதங்களில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடற்கரை மணலிலேயே கறுப்பும் சிவப்புமாகக் கோடுகள் தெரியும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். 2013இல் தமிழக அரசு தடை போடும்வரை இந்த மணலை லாரி லாரியாக அள்ளினார்கள்.

பெரியதாழையில் கடல் ஊரை நோக்கி வந்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பாறைகளைக் கொட்டி, கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். வளைவின் ஒரு பக்கம் மணல் சேர்கிறது, இன்னொரு பக்கம் அரிக்கிறது. கரையோரமாக ஓடும் மணலை ஓரிடத்தில் பிடித்து வைத்தால் அடுத்த இடத்துக்குப் போய்ச் சேராதுதானே.

இங்கேதான் அந்த நாளின் மிக முக்கியமான பாடம் கிடைத்தது. வெயிலில் வெந்து போயிருந்ததால் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று எனக்கும் ஒரு நண்பனுக்கும் ஆசை. அலை உடையும் இடங்களை விட்டுவிட்டு, நடுவில் அலையே இல்லாமல் மட்டமாகத் தெரிந்த ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். எங்களுக்கு அது பாதுகாப்பாகத் தெரிந்தது. முழங்கால் அளவு இறங்கியிருப்போம், கரையிலிருந்து ஒருவர் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"ஏ, அங்க எறங்காதிய! வெளிய வாங்க!"

வந்ததும் மூச்சு வாங்கச் சொன்னார். "மேல அலை இல்லன்னு பாக்கிய. அலை கொண்டாந்து கொட்டுற தண்ணியெல்லாம் திரும்பிப் போற வாசலு அது. நீவாடு உள்ள இழுத்துரும்."

நீவாடு என்றால் நீரோட்டம். நின்று கவனித்தபோது எங்களுக்கும் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கலங்கி மண் நிறத்தில் இருந்தது. நுரை கரைக்கு வராமல் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இருபுறமும் அலை உடைய, நடுவில் அமைதியாகத் தெரியும் பாதைதான் ஆளை இழுத்துப் போகும் பாதை. அகப்பட்டுவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, களைத்து மூழ்கிவிடுவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து வெளியேறி, பிறகு அலை உடையும் இடம் வழியாகத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் கையை உயர்த்திக்கொண்டு மிதக்கப் பார்க்க வேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்காமல், மிதக்கக்கூடிய எதையாவது எறிந்துவிட்டு ஊர்க்காரர்களைக் கூப்பிட வேண்டும். இவ்வளவையும் விட நல்ல வழி, அறியாத கரையில் இறங்காமல் இருப்பது. அதன் பிறகு நாங்கள் இறங்கவில்லை. ஓடி வந்த அந்த அண்ணன் மட்டும் அன்று கரையில் இல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இதை எழுதும்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அவரே தலையில் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வழி செய்தார். சாப்பாட்டுக்கும் அவரிடம்தான் கேட்டோம். உணவகம் என்று எதுவும் இல்லை. டீக்கடை வைத்திருந்த ஒரு அக்காவிடம் அழைத்துப் போனார். நம்மிடம் மீன் இருக்கிறது, அவரிடம் அடுப்பு இருக்கிறது. சாளையைக் கொடுத்தோம். தேங்காய் அரைத்துப் புளி ஊற்றி ஒரு குழம்பு, மீதியைப் பொரித்து, சுடுசோறு. மதினி உள்ளே போய்த் தேங்காய் துருவிக்கொடுத்தார். இதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. சாப்பிட்ட பிறகு கேட்டால் அவர்கள் கூச்சத்தில் குறைத்துச் சொல்வார்கள். சில்லறை நோட்டுகள் நிறைய வைத்திருந்தது அங்கே கைகொடுத்தது.

உவரிக்குப் போகும்போது நாலு மணி. இங்கே அந்தோணியார் கோயில், கப்பல் வடிவத்தில் கட்டிய கப்பல் மாதா ஆலயம், கொஞ்ச தூரத்தில் கடலைப் பார்த்தபடி சுயம்புலிங்க சுவாமி கோயில். சுயம்புலிங்க சுவாமி கோயிலில் ஒரு குடும்பம் கடலில் குளித்த ஈரத்தோடு ஓலைப்பெட்டியில் கடல் மண்ணைச் சுமந்து வந்து கொட்டிக்கொண்டிருந்தது. வேண்டுதல். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார்கள். அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை எல்லா மதத்தாரும் வருவார்கள் என்றார் மதினி. அவருடைய ஆச்சியே, திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்ட அதே கையோடு இங்கே வந்து மெழுகுவர்த்தி ஏற்றியவராம்.

அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டோம். இடிந்தகரை வரைக்கும் போகலாமா என்று ஒருவன் கேட்டான். கூடுதாழையையும் கூட்டப்பனையையும் ஏற்கனவே விட்டிருந்தோம். யாருக்கும் எழ மனசில்லை. இருட்டில் ஒரு ஊருக்குள் போய் முகம்கூடத் தெரியாமல் திரும்புவதற்கு, இன்னொரு சனிக்கிழமை வரலாம் என்று முடிவு செய்தோம். திசையன்விளை வழியாகத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்தபோது எட்டரை. அம்மா பெட்டியைத் திறந்து, ஐஸை ஒதுக்கி விளமீனைத் தூக்கிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், செவுளைப் பார்த்தார்.

"எந்தக் கரை மீனுல இது?"

மணப்பாடு என்றேன். அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர், யாரிடம் வாங்கினாய், என்ன வலையில் பட்டது என்று கேட்கத் தொடங்கினார். முதல் தடவையாக எனக்குப் பதில் தெரிந்திருந்தது.